யாரந்த ரோஷன் பீவி

என் புருஷன் மவுத்தாகி மூன்றாம் நாள், பாத்திஹா ஓத வந்தவர்கள் கை கழுவிய ஈரம் காய்வதற்குள், என் கொழுந்தன் அலி அக்பர் அவருடைய பெட்டியைத் திறந்துவிட்டான். முன்னறையில் அவன் புரட்டுகிற சத்தம் உள்ளே எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் நான் இத்தாவில் இருந்தேன். புருஷனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. கொழுந்தனும் அந்நிய ஆண்தான். நடுக்கதவில் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நானும் பதினான்கு வயது மகள் அஸ்மாவும்.

அவன் தேடியது வீட்டு கிராண்டை. வீடும் நிலமும் யாருடையது என்று சொல்கிற அரசாங்கத் தாள் அது. மலாக்கா டவுனில், காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீடு பெரிய மாளிகை ஒன்றுமில்லை. பலகைச் சுவர், ஓட்டுக் கூரை, பின்னால் ஒரு கிணறு. ஆனால் ஆகஸ்டு கடைசியில் மெர்டேக்கா, வெள்ளைக்காரன் போகிறான், அப்புறம் நிலத்தின் விலை எங்கேயோ போய்விடும் என்று டவுன் முழுக்கப் பேச்சு. அது அலி அக்பர் காதில் நன்றாக ஏறியிருந்தது. வீட்டை விற்பது, எங்கள் இரண்டு பேரையும் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றுவது, பனைக்குளத்தில் யாரோ உறவுக்காரர் வீட்டு அடுப்படியில் தள்ளுவது. இதுதான் திட்டம். அதை அவன் மறைக்கவும் இல்லை.

"மச்சி, இனிமே இது அவங்க நாடு. நம்ம பொம்பளைங்க நம்ம ஊருக்குப் போய்ச் சேர்றதுதான் மரியாதை" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் சொன்னான்.

நம்ம ஊராம். நான் பிறந்தது மலாக்கா, என் வாப்பா பிறந்ததும் மலாக்கா. பனைக்குளம் கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்று கூட எனக்குத் தெரியாது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தகரப் பெட்டியோடு கப்பலை விட்டு இறங்கியவன், என்னைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறான். அந்தப் பதினொரு வருஷமும் எங்கள் முன்னறையில் படுத்து என் கைச் சோற்றைத் தின்றவன். நான் இத்தாவில் உட்கார்ந்த பிறகுதான், ஊர்ப் பேச்சுக்குப் பயந்து, படுக்கையைக் கடைக்கு மாற்றினான். அவன் பெட்டியும் சைக்கிளும் இன்னும் முன்னறையில்தான் கிடந்தன.

என் கோபத்தில் பாதி புருஷன் மேலும் இருந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. துணிக்கடை சிஹாபுதீன் தங்கமான மனுஷர் என்று ஊரே சொல்லும். கெஜத்துக்கு நாலு விரல் கூடவே விட்டுத்தான் வெட்டுவார். வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். கிராண்டு எங்கே என்று நான் கேட்காத வருஷமில்லை. "எல்லாம் எழுதி வச்சிருக்கேன்" என்பார். எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றால், "அதான் எழுதி வச்சிருக்கேன்னு சொல்றேன்ல" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு நாள் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார். கபுருக்குள் போய்க் கேள்வி கேட்க முடியுமென்றால், விசாரிக்க வருகிற மலக்குகள் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டிருப்பேன்.

பெட்டியில் கிராண்டு இல்லை. அலமாரியில், குர்ஆனுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டுப் புத்தகம் இருந்திருக்கிறது. அலி அக்பர் அதைத் திறந்து பார்த்தான். மேலே பிஸ்மி, அதற்குக் கீழே நெருக்க நெருக்கமாக அரபு எழுத்து. அவன் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் எட்டு வகுப்புப் படித்தவன், தமிழ் முத்து முத்தாக எழுதுவான், இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவான். அரபு எழுத்து மட்டும் வராது. நாலு சூராவை மனப்பாடமாக ஓதுவதோடு சரி. நோட்டைக் கண்ணில் ஒற்றி அஸ்மாவிடம் கொடுத்தான்.

"ஏதோ கிதாபு. உங்க உம்மாகிட்ட குடு. எழுதப் படிக்கத்தான் தெரியாது, ஓதவாச்சும் தெரியும்ல. அண்ணனுக்காக ஓதட்டும். வேற என்ன வேலை அவங்களுக்கு."

அவன் என்னைக் கைநாட்டு என்றுதான் சொல்வான். பொய்யில்லை. தமிழ் எழுத்து எனக்குத் தெரியாது, கையெழுத்துக் கேட்கிற இடத்தில் பெருவிரலைத்தான் நீட்டுவேன். ஆனாலும் அன்றைக்கு அந்தப் பேச்சு சுள்ளென்று உறைத்தது.

அவன் கடைக்குப் போன பிறகு, அஸர் தொழுதுவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குர்ஆன் விரிக்கிற ரைஹால் பலகையில் நோட்டை விரித்து வைத்தேன். உடம்பை ஆட்டி, ராகம் போட்டு ஓத ஆரம்பித்தேன். பிஸ்மி முடிந்தது. அடுத்த வரியை அதே ராகத்தில் இழுத்தேன். "கூரையின் தெற்கு மூலையில் மூன்று ஓடு உடைந்திருக்கிறது, மழைக்கு முன்னால் மாற்றவும்." முழுசாக ஓதி முடித்த பிறகுதான் என்ன ஓதினேன் என்று என் காதில் விழுந்தது. ஆமீன் சொல்ல வாயைத் திறந்த அஸ்மா அப்படியே என்னைப் பார்த்தாள்.

அது கிதாபு இல்லை. அரபுத் தமிழ். எழுத்து அரபு, பேச்சு தமிழ். என் காலத்தில் எங்கள் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, ஓதுகிற பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே கற்றுக்கொடுத்தது இந்த எழுத்தைத்தான். மலாய்க்காரர் எடுத்தால் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவார், அர்த்தம் தெரியாது. அலி அக்பர் மாதிரித் தமிழ் படித்தவன் எடுத்தால் வேதம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்வான். இந்த வீட்டில் அதைப் படிக்கக்கூடியவள் கைநாட்டு ஒருத்திதான். இது தெரிந்தேதான் அவர் எழுதியிருக்கிறார்.

அன்பாக ஒரு வார்த்தை இருக்கும் என்று தேடிக்கொண்டே படித்தேன். ஓடு, கிணற்று உருளை, அலமாரிச் சாவி, அஸ்மாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது யாரை நம்பக் கூடாது. கடை தம்பிக்கே போகட்டும், அதில் வழக்கு வேண்டாம். நாலாம் பக்கத்தில் இப்படி இருந்தது:

"வீடு உன் பேரில் எழுதியாகிவிட்டது. ஐந்து வருஷமாகிறது. உன்னிடம் சொல்லவில்லை. உன் வாய் எனக்குத் தெரியும். அலி அக்பரோடு ஒரு சண்டை வந்தால் முதலில் இதைத்தான் எடுத்து அவன் முகத்தில் வீசுவாய். கிராண்டும் அஸ்மாவின் பிறப்புத் தாளும் பின்வீட்டுத் தனபாலனிடம் ஒரு டின்னில் இருக்கின்றன. வந்து கேட்பவர் உன் பேரைச் சொன்னால்தான் கொடுப்பார். அஸ்மா உம்மா என்று சொன்னால் கொடுக்க மாட்டார். உன் சொந்தப் பேர். என் வீட்டாரில் அது யாருக்கும் தெரியாது. தாளை அலி அக்பரிடம் தனியாகக் காட்டாதே, கிழித்துப் போடுவான். ஜமாஅத் பெரியவர் முன்னால்தான் காட்ட வேண்டும். அதுவரை தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு இரு."

என் பேர் ரோஷன் பீவி. நிக்காஹ் அன்று ஆலிம்சா ஒரு தடவை வாசித்தார். அதற்கப்புறம் இந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை. கொழுந்தனுக்கு மச்சி, ஊருக்கு அஸ்மா உம்மா. அவர் என்னைக் கூப்பிட்டது 'இந்தா' என்று. பதினாறு வருஷமும் இந்தா. என் பேர் அவருக்கு ஞாபகம் இருக்கும் என்று கூட நான் நினைத்ததில்லை. ஞாபகம் வைத்திருக்கிறார், பூட்டு போடுவதற்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் நோட்டைக் கிணற்றில் வீசியிருப்பேன், அஸ்மா பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தனபாலன் மனைவி மீனாச்சி கிணற்றடிக்கு வந்தாள். அவர்கள் சிட்டிகள். கோயில், விபூதி, பொங்கல் எல்லாம் தமிழர் மாதிரி, வீட்டில் பேசுவது மலாய். பதினாறு வருஷமாக நானும் அவளும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கிறோம், என்னை அவள் 'மக் அஸ்மா' என்பாள், அதுவும் அஸ்மா உம்மாதான். டின்னைக் கேட்டேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பில்லாமல், "சியாப்பா நாமா?" என்றாள். பேர் என்ன என்று கேட்கிறாள், என்னையே தெரியாதவள் மாதிரி.

ரோ என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன். சொந்தப் பேரைச் சொல்ல வெட்கப்பட்டு நிற்கிறவளைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டாம் தடவை சொன்னேன். மீனாச்சி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். முன்னோர்களுக்குப் படையல் போடும் சாமான்கள் வைக்கிற பெட்டியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். கொடுக்கும்போது ஒன்று சொன்னாள். பேரைத் தன் புருஷன் தப்பாகச் சொல்லக் கூடாதென்று, சிஹாபுதீன் அவரை உட்காரவைத்து மூன்று தடவை சொல்லிக்கொடுத்தாராம். மூன்று தடவையும் மெதுவாகச் சொன்னாராம், நன்றாக இருந்ததாம் கேட்க.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பின்வீட்டில் போய் உட்கார்ந்து மூன்று தடவை சொல்லியிருக்கிறார். இங்கே ஒரு தடவை சொல்லியிருந்தால் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்?

அதற்கப்புறம் மூன்று வாரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். அலி அக்பர் வீடு வாங்குகிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். செருப்புக் காலோடு திரை வரைக்கும் வந்து, "உள்ள ரெண்டு ரூம் இருக்கு, இப்ப பொம்பளைங்க இருக்காங்க, காலி பண்ணிடுவாங்க" என்றான். ஒருவன் சுவர்ப் பலகையைத் தட்டிப் பார்த்தான், செல்லரித்திருக்கிறது என்றான். அஸ்மா பள்ளிக்கூடம் போவதை நிறுத்தச் சொன்னான் அலி அக்பர். ஊருக்குப் போகிற பிள்ளைக்கு இங்கே என்ன படிப்பு என்றான். கப்பல் ஏறும்போது பிறப்புத் தாள் இல்லையென்றால் போலீஸ் பிடிக்கும் என்று அவளைப் பயமுறுத்தினான். ஒவ்வொரு தடவையும் 'இது என் வீடுடா' என்பது என் பல் வரைக்கும் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த மனுஷர் என் வாயைப் பற்றி எழுதியது உண்மை என்று அல்லாவுக்குத் தெரியும், அதனால்தான் இன்னும் கோபம்.

ஜமாஅத் பெரியவர் முகைதீன் ராவுத்தருக்கு ஆள் அனுப்பலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அலி அக்பரே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மெர்டேக்காவுக்கு ஐந்து நாள் இருந்தது. ளுஹர் தொழுகை முடிந்து வந்தார்கள். முன்னறையில் நாற்காலி இழுபட்டது. அலி அக்பர் உட்காரவில்லை. நடந்துகொண்டே பேசினான், குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மாமா, நீங்களே கேளுங்க. வீட்ட விக்கலாம்னு புரோக்கர லேண்ட் ஆபீசுக்கு அனுப்புனேன். வீடு அண்ணன் பேர்ல இல்ல. எவளோ ரோஷன் பீவியாம். அவ பேருக்கு எழுதிக் குடுத்திருக்கு, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. அண்ணன் அவள எந்தச் சந்துல குடிவச்சிருந்துச்சோ. ஊருக்குள்ள பெரிய மனுஷன்."

ராவுத்தர், "யா அல்லாஹ், மவுத்தானவரைப் பத்தி இப்படிப் பேசாத தம்பி" என்றார்.

"நான் எங்க பேசுறேன், தாள் பேசுது. மச்சி, கேக்குதா? பதினாறு வருஷமா உங்க புருஷன் ஒங்களுக்கு நல்லா நாமம் போட்டிருக்கு."

அஸ்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். பயந்தாள் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பை அடக்குகிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகத்துக்கு நேராக என் பேரைச் சொல்லி, அவள் வைப்பாட்டி என்கிறான்.

"தம்பி, நல்லா விசாரிச்சீங்களா? வீடு ரோஷன் பீவி பேர்லதானே இருக்கு?" என்று கேட்டேன்.

"புரோக்கர் கண்ணால பாத்துட்டு வந்தான். சந்தேகமே இல்ல."

"மாமா, அப்படி எழுதியிருந்தா வீடு யாருக்குச் சேரும்?"

ராவுத்தர் கனைத்துக்கொண்டார். "ஹயாத்தோட, உசுரோட இருக்கும்போதே எழுதிக் குடுத்துட்டா அது பங்குல வராதும்மா. ஒனக்கும் இல்ல, புள்ளைக்கும் இல்ல, தம்பிக்கும் இல்ல. யாரு பேர்ல இருக்கோ அவங்க வீடு."

"தம்பிக்கு இதுல சம்மதமா?"

"எனக்கென்ன" என்றான் அலி அக்பர். "அந்தப் பொம்பளையத் தேடிப் புடிச்சு நான் பேசிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் மூட்டையக் கட்டுங்க. அவ வீட்டுல ஒங்களுக்கு என்ன வேலை?"

"ரோஷன் பீவி வெளிய போன்னு சொன்னா போகணும்."

"போய்த்தான் ஆகணும்."

"யாரா இருந்தாலும்."

"யாரா இருந்தாலும்தான்."

டின்னிலிருந்து கிராண்டை எடுத்தேன். என் துணிப்பெட்டியிலிருந்து அடையாளக் கார்டை எடுத்து அதன் மேல் வைத்தேன். திரையின் ஓரமாகக் கையை மட்டும் நீட்டி, "மாமா, நீங்க வாங்குங்க. தம்பி கைல குடுக்காதீங்க" என்றேன்.

ராவுத்தர் கண்ணாடியை மாட்டினார். கார்டில் என் படம் இருக்கிறது. இத்தாவில் இருக்கிறவளின் படத்தைப் பார்க்கலாமா கூடாதா என்று அவருக்குக் குழப்பம் போலும். படத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் படித்தாராம். அஸ்மா திரை இடுக்கில் பார்த்துச் சொன்னாள். கிராண்டைப் படித்தார், திரும்பக் கார்டைப் படித்தார், நம்பர் நம்பராக ஒத்துப்பார்த்தார். ரொம்ப நேரமாயிற்று.

"அலி அக்பர்" என்றார். "ரோஷன் பீவி ஒங்க மச்சிதாம்ப்பா."

பிறகு கண்ணாடியைக் கழற்றினாராம்.

"பதினொரு வருஷம் ஒனக்குச் சோறு போட்ட பிள்ளை பேரு ஒனக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட யாரு சொன்னா?" என்று கத்தினான். "மச்சின்னுதான் சொன்னாங்க. எல்லாரும் சேந்து என்னயக் கோமாளியாக்குறீங்க. கைநாட்டு வச்சு எழுதி வாங்கியிருக்கா." கிராண்டைப் பிடுங்கக் கை நீட்டியிருக்கிறான், ராவுத்தர் அதைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாராம். "தாளத் தொட்டே, ஜமாஅத்துல வச்சுப் பேச வேண்டி வரும்" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

இனிமேல் வாயை மூட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மூன்று வாரத்துப் பாக்கியையும் அன்றைக்குத் தீர்த்தேன். சுவர்ப் பலகை செல்லரித்ததா என்று கேட்டேன். என் மகள் நாளைக்கே பள்ளிக்கூடம் போவாள், அவள் பிறப்புத் தாள் என் மடியில் இருக்கிறது, எந்தப் போலீசு வேண்டுமானாலும் வரட்டும் என்றேன். அவரைப் பற்றி, என் புருஷனைப் பற்றி, பெண் வைத்திருந்தார் என்று சொன்ன வாய் அழுகிப் போகும் என்றேன். ராவுத்தர், "போதும்மா, இத்தாவுல இவ்வளவு சத்தம் ஆகாது" என்றார். நான் நிறுத்தவில்லை.

"கடைசியா ஒண்ணு. முன்னறையில உங்க பெட்டி இருக்கு, சைக்கிள் இருக்கு. அத எடுக்கணும்னா வீட்டுக்காரியக் கேட்டுட்டு எடுங்க."

அவன் பெட்டிப் பக்கம் நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "மச்சி, பெட்டிய எடுத்துக்கிறேன்" என்றான்.

"மச்சிக்கு இங்க என்ன இருக்கு? நீங்கதானே சொன்னீங்க. வீடு யாரு பேர்லயோ அவளக் கேளுங்க."

வெளியே தெருவில் ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று மெர்டேக்கா, மெர்டேக்கா என்று கத்திக்கொண்டு போனது. அது முனை திரும்பியது. ராவுத்தர் மெல்ல, "கேளுப்பா, கேட்டுட்டு எடு" என்றார்.

"ரோஷன் பீவி" என்றான். "பெட்டிய எடுத்துக்கட்டுமா?"

எடுத்துக்கங்க சாச்சா என்று அஸ்மாதான் சொன்னாள். நான் மறுபடியும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே குரல். பதினொரு வருஷமாக எல்லோரும் சொல்வார்கள், கடை வாசலில் நின்று பேசினால் எவர் என்று தெரியாது என்று. முகம் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது, குரல் மட்டும் இந்தப் பக்கம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது என் காதுக்குத் தெரியாமலில்லை. இருந்தாலும் அந்தக் குரலில் என் பேரைக் கேட்டதும், அவர் போன நாளிலிருந்து வராத அழுகை வந்துவிட்டது.